வி எடிட்டர்: நூறு விசையை எப்படி மண்டையில் ஏற்றுவது?

#1 இரவுஷிப்ட்

வணக்கம். சப்போர்ட் வேலையில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. பெயரைப் பார்த்தாலே தெரியும், இரவு ஷிப்ட். நேற்று நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

ஒரு வாடிக்கையாளரின் சர்வரில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளின் கான்ஃபிக் ஃபைலில் ஒரே ஒரு வரியை மாற்ற வேண்டும். அங்கே வி தவிர வேறு எடிட்டர் கிடையாது, எதையும் இன்ஸ்டால் செய்ய எனக்கு அனுமதியும் கிடையாது. ஃபைலைத் திறந்தேன். கீழே இறங்க ஜே என்று படித்திருந்தேன், மூன்று தடவை ஜே தட்டினேன். கர்சர் இறங்கவில்லை, கீழே இருந்த வரிகள் மேலே ஏறி ஒட்டிக்கொண்டன. திரை என்னவோபோல் ஆகிவிட்டது. சுவரில் ஒரு அட்டவணை ஒட்டி வைத்திருக்கிறேன், நூறு விசைக்கு மேல் இருக்கும். அதில் ‘இசட் இசட்: வரியை நடுத்திரைக்குக் கொண்டுவர’ என்று இருந்தது. அடித்தேன். எடிட்டரே மூடிக்கொண்டது.

சேவ் கொடுக்காமல்தானே மூடியது, தப்பித்தோம் என்று நினைத்தேன். அப்போதுதான் கேப்ஸ் லாக் விளக்கு எரிவது கண்ணில் பட்டது. அணைத்துவிட்டு மறுபடி திறந்தேன், வேண்டிய வரியைத் தேடிப் பிடித்து மாற்றினேன். அது ஃபைலின் அடியில் இருந்தது, மேலே என்ன ஆனது என்று பார்க்கவே இல்லை. டெஸ்ட் கமாண்ட் ‘சரி’ என்றது. ரீலோட் செய்தேன்.

அரை மணி நேரத்தில் ஃபோன். தளம் ஹெச்டிடிபிஎஸ்-இல் திறக்கவில்லை.

முதல் வரி சர்வர் பிளாக்கின் தொடக்க அடைப்பு. இரண்டாவது வரி யாரோ எப்போதோ எழுதிய கமென்ட். மூன்றாவதும் நான்காவதும்தான் ஹெச்டிடிபிஎஸ்-க்கான 443 போர்ட்டையும் டொமைன் பெயரையும் சொல்பவை. நான்கும் ஒரே வரியாகிவிட்டன. ஹாஷ் குறிக்குப் பின்னால் இருந்ததெல்லாம் கமென்ட் ஆகிவிட்டது. இலக்கணப்படி ஒரு பிழையும் இல்லை, அதனால்தான் டெஸ்ட்டும் வாயைத் திறக்கவில்லை. ஃபைலும் சேவ் ஆகித்தான் மூடியிருக்கிறது.

இப்போது கேள்வி. இந்த நூறு விசையையும் எப்படி மனப்பாடம் செய்தீர்கள்? மூன்று வாரமாகத் தினமும் பத்து என்று படிக்கிறேன், பதினொன்றாவது வரும்போது முதலாவது போய்விடுகிறது.

#2 பச்சைத்திரை

தம்பி, முதலில் ஒன்று. நான் ஃபோனிலிருந்து எழுதுகிறேன், கீபோர்டை மாற்றி மாற்றித் தட்டச் சோம்பல். விசைகளை வாயால் சொல்வதுபோல் தமிழிலேயே எழுதிவிடுகிறேன். ‘பெரிய ஜே’ என்றால் ஷிஃப்ட்டோடு. ‘டி’ என்றால் டெலிட்டின் டி, ‘பி’ என்றால் பேஸ்ட்டின் பி.

உனக்கு நடந்தது இதுதான். சின்ன ஜே கர்சரை இறக்கும், பெரிய ஜே அடுத்த வரியை இழுத்து இந்த வரியோடு ஒட்டும். சின்ன இசட் இரண்டு அடித்தால் வரி நடுவுக்கு வரும், பெரிய இசட் இரண்டு அடித்தால் சேவ் செய்து வெளியேறும். கேப்ஸ் லாக் இரண்டையும் மாற்றிப்போட்டது. உன் அட்டவணையில் பெரிய இசட்டும் எங்காவது ஒரு மூலையில் இருக்கும், பார்.

மனப்பாடத்தை அப்புறம் பார்க்கலாம். உயிர் பிழைக்க மூன்று விஷயம் போதும். திரையில் எது விபரீதமாகத் தெரிந்தாலும் கையை எடு, எஸ்கேப் அடி, யு அடி. அது கடைசியாகச் செய்ததைத் திருப்பும். விம் (வி-யின் வளர்ந்த வடிவம்) என்றால் யு-வை எத்தனை தடவை வேண்டுமானாலும் அடிக்கலாம், அதிகமாகப் போய்விட்டால் கன்ட்ரோல் ஆர் திரும்பக் கொண்டுவரும். பழைய அசல் வி-யில் ஒரே ஒரு படிதான், இரண்டாவது யு முதல் யு-வையே ரத்து செய்துவிடும். இது தெரியாமல் சோலாரிஸ் இயந்திரம் ஒன்றில் ஒரு மதியம் முழுக்க ‘போகுது, வருது, போகுது, வருது’ என்று விளையாடியிருக்கிறேன். யு-வும் கைகொடுக்காவிட்டால் எஸ்கேப், கோலன், க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். தொட்டதெல்லாம் தொடாததாகிவிடும். வெளியே வரத் தெரியவில்லை என்று கூச்சப்படாதே. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் 2012-இல் ஒருவர் அதே கேள்வியைக் கேட்டார், 2017-க்குள் பத்து லட்சம் தடவை அந்தப் பக்கம் பார்க்கப்பட்டது.

விசைகள் ஏன் இப்படி இருக்கின்றன என்று தெரிந்தால் பாதி எரிச்சல் போய்விடும். பில் ஜாய் 1976-இல் பெர்க்லியில் மாணவராக இருந்தபோது இதை எழுதினார். அவர் முன்னால் இருந்தது லியர் சீக்லர் நிறுவனத்தின் ஏடிஎம்-3ஏ டெர்மினல். அந்தக் கீபோர்டில் அம்புக்குறிக்குத் தனி விசை கிடையாது. ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்பு அச்சடித்திருக்கும். இன்று டாப் இருக்கும் இடத்தில் எஸ்கேப், கேப்ஸ் லாக் இருக்கும் இடத்தில் கன்ட்ரோல். கோலனுக்கு ஷிஃப்ட் வேண்டியதில்லை. அந்தக் கீபோர்டில் எஸ்கேப்பும் கோலனும் விரல் நுனியில். நம்முடையதில் எஸ்கேப் மேல்மூலைக்குப் போய்விட்டது. நம் கை இழுபடுவதற்கு அவர் பொறுப்பில்லை. (நானும் அந்த டெர்மினலைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். என் காலத்துப் பச்சைத்திரை வேறு.)

வேகமும் ஒரு காரணம். 300 பாட் மோடத்தில் வீட்டிலிருந்து வேலை பார்த்தாராம். நொடிக்கு ஏறத்தாழ 30 எழுத்து. 80 எழுத்துக்கு 24 வரி என்றால் ஒரு திரையில் 1920 எழுத்து. திரை ஒரு தடவை முழுசாக வரைந்து முடிய ஒரு நிமிடத்துக்கு மேல். அந்த நிலைமையில் ‘டிலீட்’ என்று எழுதிக்கொண்டிருப்பாயா? ஒரு எழுத்தில் முடிக்கத்தான் பார்ப்பாய்.

#3 மவுஸ்பிரியன்

அதெல்லாம் 1976. இப்போது யாருக்கு 300 பாட்? விஎஸ் கோடு எடிட்டரில் ரிமோட் எஸ்எஸ்ஹெச் போட்டால் சர்வர் ஃபைலை மவுஸில் திறந்து திருத்திவிட்டுப் போகலாம். இல்லையா, நானோ என்ற எடிட்டர் இருக்கிறது, கீழேயே எல்லா விசையும் எழுதியிருக்கும். பரம்பரைப் பெருமைக்காகச் சின்னப் பையனைப் படுத்தாதீர்கள்.

#4 குறியீட்டுக்காரி

மவுஸ்பிரியன், அவர் சர்வரில் எதையும் இன்ஸ்டால் செய்ய முடியாது என்று முதல் பதிவிலேயே சொல்லிவிட்டார். ரிமோட் எஸ்எஸ்ஹெச் தன் பங்குக்கு ஒரு சர்வர் நிரலை அந்தப் பக்கம் இறக்கி வைக்கும். நானோ இருந்தால் தாராளமாக நானோ. ஆனால் யுனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான போசிக்ஸ் தரநிலையில் பெயர் இருப்பது வி-க்கு. பிஸிபாக்ஸ் என்ற சிறு கருவித் தொகுப்பைப் போட்ட சின்னஞ்சிறு கன்டெய்னருக்குள் போனாலும் ஒரு குட்டி வி உட்கார்ந்திருக்கும்.

இரவுஷிப்ட், உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் மனப்பாடம் செய்யவே இல்லை. அந்த அட்டவணைதான் உங்கள் பிரச்சினை. அது அகராதி. அகராதியைப் படித்து யாரும் மொழி கற்றதில்லை.

இதில் வினைச்சொல் கொஞ்சம்தான். டி அழிக்கும். சி அழித்துவிட்டு எழுதும் நிலைக்குப் போகும். ஒய் நகலெடுக்கும். இதன் பின்னால் ‘எதை’ அல்லது ‘எதுவரை’ என்று சொல்ல வேண்டும். டபிள்யூ என்றால் அடுத்த சொல் தொடங்கும் வரை. டாலர் குறி என்றால் வரியின் கடைசி வரை. பெரிய ஜி என்றால் ஃபைலின் கடைசி வரை. ஆக டி டபிள்யூ, டி டாலர், டி பெரிய ஜி. இப்போது டி-யை எடுத்துவிட்டு சி போடுங்கள், ஒய் போடுங்கள். மூன்று வினை, மூன்று இலக்கு, ஒன்பது கட்டளை. நீங்கள் படித்தது ஆறு விசை. வினையையே இரண்டு தடவை அடித்தால் முழு வரி: டிடி, சிசி, ஒய்ஒய். நடுவிலோ முன்னாலோ எண் போடலாம்: 3 டிடி என்றால் மூன்று வரி.

எனக்கு ‘அட!’ என்று தோன்றியது இதற்கு அடுத்த கட்டத்தில். கான்ஃபிக்கில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள்:

தலைப்பு = "பழைய செய்தி"

கர்சர் வரியின் தொடக்கத்தில், ‘த’ மேல் இருக்கிறது. சி, ஐ, இரட்டை மேற்கோள். அவ்வளவுதான். கர்சர் தானே மேற்கோளுக்குள் தாவும், ‘பழைய செய்தி’ காணாமல் போகும், இரண்டு மேற்கோளும் அப்படியே நிற்கும், நீங்கள் எழுதும் நிலையில் இருப்பீர்கள். ‘மேற்கோளுக்கு உள்ளே இருப்பதை மாற்று’ என்று அதற்குச் சொன்னீர்கள். ஐ என்றால் உள்ளே இருப்பது மட்டும். அதற்குப் பதில் ஏ போட்டால் மேற்கோளும் சேர்ந்து போகும். அடைப்புக்குறிக்கும் இதே கதை. சொல்லுக்கு டபிள்யூ, பத்திக்கு பி. டி ஏ பி அடித்தால் கர்சர் நிற்கும் பத்தி முழுவதும் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை: இந்த உள்ளே–வெளியே சமாசாரம் விம்மில் வந்தது. அசல் வி-யில் கிடையாது, பிஸிபாக்ஸ் குட்டி வி-யிலும் எதிர்பார்க்காதீர்கள். அங்கே டி டபிள்யூ, டி டாலர், டிடி.

#5 ஈமேக்ஸ்வாசி

சுண்டுவிரல் வீங்கிய நிலையில் எழுதுகிறேன். எங்கள் ஈமேக்ஸ் எடிட்டர் வீட்டிலும் எல்லாம் 1976-இல் எம்ஐடி-யில் தொடங்கியதுதான், எதற்கெடுத்தாலும் கன்ட்ரோல். சண்டை போடும் வயசு போய்விட்டது. ஈமேக்ஸுக்குள் ஈவில் மோட் போட்டு வி விசைகளைத்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன். இதை எங்கள் ஆட்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். #4-இல் அக்கா சொன்ன வரிசையைக் கவனித்தீர்களா? வினை முதலில், செயப்படுபொருள் பின்னால். ‘அழி, சொல்லை.’ அது ஆங்கில வாக்கியம். காகூன், ஹீலிக்ஸ் என்று இரண்டு எடிட்டர் இருக்கின்றன, அவற்றில் முதலில் எதை என்று காட்ட வேண்டும், அப்புறம் என்ன செய்வது என்று சொல்ல வேண்டும். டபிள்யூ டி. ‘சொல்லை அழி.’ நம் வரிசை! எது அழியப்போகிறது என்பது அழிவதற்கு முன்பே திரையில் தெரியும் என்பது கூடுதல் வசதி. ஒரு மாதம் ஹீலிக்ஸில் இருந்துவிட்டு சர்வருக்குப் போனால் கை தடுமாறும் என்பது கூடுதல் தொல்லை.

#6 மவுஸ்பிரியன்

சரி, இவ்வளவு பேர் சொல்கிறீர்களே என்று மதியம் முயன்று பார்த்தேன். ஒரு பத்தி எழுதினேன், பழக்கத்தில் கன்ட்ரோல் எஸ் அடித்தேன். செத்துப்போய்விட்டது. எஸ்கேப் இல்லை, யு இல்லை, க்யூ ஆச்சரியக்குறி இல்லை, எதற்கும் அசைவில்லை. ஜன்னலையே மூடிவிட்டேன். மறுபடி அதே ஃபைலைத் திறந்தால் ‘கவனம்’ என்று தொடங்கி ஒரு பக்கம் முழுக்கத் திட்டுகிறது. இதுதான் நீங்கள் சொன்ன உயிர் பிழைக்கும் வழியா?

#7 பச்சைத்திரை

சிரித்தேன், மன்னிக்கவும். அது சாகவில்லை. கன்ட்ரோல் எஸ் என்பது டெர்மினலுக்கு ‘கொஞ்சம் நிறுத்து, நான் படித்துக்கொள்கிறேன்’ என்ற பழங்காலச் சைகை. டெர்மினல் கீழ்ப்படிந்து நின்றுவிட்டது. கன்ட்ரோல் க்யூ அடித்திருந்தால் ஓடியிருக்கும், இடையில் நீங்கள் தட்டியதெல்லாம் மொத்தமாக வந்து விழுந்திருக்கும்.

அந்தப் பக்கம் முழுக்க இருப்பதும் திட்டு இல்லை. விம் வேலை செய்யும்போது பக்கத்தில் ஒரு ஸ்வாப் ஃபைலில் குறித்துக்கொண்டே வரும். நீங்கள் ஜன்னலை மூடியபோது அது அழியாமல் நின்றிருக்கிறது. ‘யாரோ ஏற்கெனவே திறந்திருக்கிறார்கள், அல்லது போன தடவை பாதியில் போய்விட்டீர்கள்’ என்கிறது. ஆர் அடியுங்கள், உங்கள் பத்தி திரும்ப வரும். சேவ் செய்யுங்கள். வெளியே வந்து அந்த ஸ்வாப் ஃபைலை நீங்களே அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த தடவையும் அதே பக்கம் வரும். அதற்கு முன் அதே சர்வரில் வேறு யாரும் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கவில்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கன்ட்ரோல் இசட்டும் இதேபோல. அன்டூ என்று நினைத்து அடித்தால் எடிட்டரே மறைந்து ஷெல் வந்து நிற்கும். எஃப்ஜி என்று தட்டினால் மறுபடி வரும்.

#8 மவுஸ்பிரியன்

பத்தி வந்துவிட்டது. கட்சி மாறவில்லை, ஆனால் மரியாதை வந்திருக்கிறது.

#9 இரவுஷிப்ட்

மூன்று இரவு அக்கா சொன்ன வழியில் ஓட்டினேன். சுவரைப் பார்க்கவே இல்லை. சி ஐ மேற்கோள் கைக்கு வந்துவிட்டது. ஒரு சந்தேகம்: ஒரே பெயர் ஃபைலில் இருபது இடத்தில் இருக்கிறது, அதில் எட்டு இடத்தில் மட்டும் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றும் கட்டளை பயமாக இருக்கிறது.

#10 குறியீட்டுக்காரி

பயம் நல்லது. புள்ளி விசைக்கு நேரம் வந்துவிட்டது.

புள்ளி கடைசியாகச் செய்த மாற்றத்தை அப்படியே மறுபடி செய்யும். கர்சரை அந்தப் பெயரின் மேல் வைத்து நட்சத்திரக்குறி அடியுங்கள், அதே சொல் அடுத்து வரும் இடத்துக்குப் போகும். மாற்ற வேண்டிய ஒன்றில் நிற்கும்போது சி ஐ டபிள்யூ, புதுப் பெயரை எழுதி எஸ்கேப். இனி என் அடித்தால் அடுத்த இடம். மாற்ற வேண்டுமா, புள்ளி. வேண்டாமா, மறுபடி என். என், புள்ளி, என், என், புள்ளி என்று பூக்கட்டுவதுபோல் போய்க்கொண்டே இருக்கலாம். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துத்தான் மாற்றுகிறீர்கள்.

புள்ளியைப் பழகினால் கையும் தானாக மாறும். அம்புக்குறியில் போய் ஒவ்வொரு எழுத்தாக பேக்ஸ்பேஸ் அடித்துத் திருத்தினால் புள்ளிக்குத் திரும்பச் செய்ய எதுவும் இருக்காது. சி ஐ டபிள்யூ என்று ஒரே வாக்கியமாகச் சொன்னால் அது முழுசாக நினைவில் நிற்கும். விம்மில் யார் பழகியவர் என்று நான் பார்ப்பது வேகத்தை வைத்து இல்லை, புள்ளியை எவ்வளவு அடிக்கிறார் என்பதை வைத்துத்தான்.

புள்ளி போதாத இடத்தில் மேக்ரோ, அதாவது தட்டும் விசைகளைப் பதிந்து மறுபடி ஓட்டுவது. போன வாரம் எக்செல்லிலிருந்து வரிக்கு ஒன்றாக அறுபது பெயர் வந்தது, எஸ்க்யூஎல்லில் போட ஒவ்வொன்றையும் ஒற்றை மேற்கோளுக்குள் வைத்துக் கமா போட வேண்டும். முதல் வரியில் நின்று க்யூ ஏ, இது பதிவைத் தொடங்கும். பெரிய ஐ வரியின் முன்னால் கொண்டுபோய் எழுதவிடும், ஒரு மேற்கோள், எஸ்கேப். பெரிய ஏ வரியின் கடைசிக்கு, மேற்கோள், கமா, எஸ்கேப். ஜே, அடுத்த வரி. க்யூ, பதிவு முடிந்தது. அப்புறம் 99, அட் குறி, ஏ: பதிந்ததை 99 தடவை ஓட்டு என்று பொருள். அறுபதாவது வரியோடு ஃபைல் முடிகிறது, அங்கே ஜே இறங்க முடியாமல் தோற்கும், மேக்ரோவும் நின்றுவிடும். எத்தனை வரி என்று எண்ணக்கூட வேண்டாம். பதிவுக்குள் அந்த ஜே-யை மறந்துவிட்டால் ஒரே பெயரைச் சுற்றி இன்னும் தொண்ணூற்றொன்பது ஜோடி மேற்கோள் விழும். யு ஒரு தடவை.

#11 பச்சைத்திரை

நானும் கொஞ்சம் சேர்க்கிறேன், கோலனைப் பற்றி யாரும் பேசவில்லையே.

கோலன் அடித்ததும் கீழே ஒரு வரி திறக்கும். அது வி-யின் அடியில் இருக்கும் எக்ஸ் என்ற வரி எடிட்டர். எக்ஸின் வேரைத் தோண்டினால் கென் தாம்சன் எழுதிய இடி வரை போகும். இடி திரையே இல்லாத காலத்து எடிட்டர். காகித உருளை டெலிடைப்பில் ஒரு வரி கேட்டு ஒரு வரி வாங்க வேண்டும். தப்பாக எதையாவது கேட்டால் ஒரு கேள்விக்குறி மட்டும் அச்சடிக்கும், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாது. அதில் ஜி, சாய்கோடு, தேடும் வடிவம், சாய்கோடு, பி என்று கொடுத்தால் அந்த வடிவம் உள்ள வரிகளையெல்லாம் அச்சடிக்கும். வடிவத்தை ஆர்ஈ என்று சுருக்கி எழுதிப் பார், ஜிஆர்ஈபி. வரிகளைத் தேடத் தினமும் அடிக்கிறாயே கிரெப், அதன் பெயர் இதுதான்.

அந்த ஜி இன்னும் உயிரோடு இருக்கிறது. நாற்பதாயிரம் வரி லாக் ஃபைலைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும்போது கோலன், ஜி, சாய்கோடு, டீபக், சாய்கோடு, டி. டீபக் (பிழை தேட நிரல் எழுதிவைக்கும் குறிப்பு) என்ற சொல் உள்ள வரியெல்லாம் போச்சு. ஜி-க்குப் பதில் வி போட்டால் தலைகீழ்: அந்தச் சொல் உள்ளவை தவிர மற்றதெல்லாம் போகும். எரர் வரிகளை மட்டும் நிறுத்திக்கொண்டு பார்க்க வசதி. அசல் லாக்கில் செய்யாதே தம்பி, நகலெடுத்து அதில் செய்.

எல்லாவற்றையும் மாற்றும் கட்டளை பயம் என்றாயே, அதன் கடைசியில் ஒரு சி சேர். கோலன், சதவீதக்குறி, எஸ், சாய்கோடு, பழையது, சாய்கோடு, புதியது, சாய்கோடு, ஜி, சி. ஒவ்வொரு இடத்திலும் நின்று ‘மாற்றட்டுமா?’ என்று கேட்கும், ஒய் அல்லது என். அந்த எஸ் கட்டளை தெரிந்துவிட்டால் செட் என்ற கருவியும் பாதி தெரிந்த மாதிரி. அதுவும் இடி வழி வந்ததுதான்.

#12 மொழிபெயர்ப்பாளினி

குறுக்கே வருகிறேன். நான் நிரல் எழுதுபவள் இல்லை, கட்டற்ற மென்பொருள்களின் பிஓ ஃபைல்களை, அதாவது திரை வாசகங்கள் இருக்கும் ஃபைல்களை, தமிழாக்குகிறேன். இந்த இழையைப் பார்த்து விம் பழக ஆரம்பித்தேன். தமிழில் எழுதிவிட்டு எஸ்கேப் அடித்தால் கீபோர்டு தமிழிலேயே நிற்கிறது. டிடி அடித்தால் உ உ என்று போகிறது, விம் எதையும் கண்டுகொள்வதில்லை. ஒவ்வொரு தடவையும் ஆங்கிலத்துக்கு மாற்றி, மறுபடி தமிழுக்கு மாற்றி... தமிழ்99-இல் எழுதுபவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

#13 கபமத

என் பெயரைப் பார்த்தீர்களா? தமிழ்99-இல் ஹெச், ஜே, கே, எல் விசைகளை வரிசையாகத் தட்டினால் வருவது கபமத. இதே வேதனையில் பத்து வருடம் முன்பு வைத்துக்கொண்ட பெயர். இடது க, கீழே ப, மேலே ம, வலது த. யு இருக்கும் இடத்தில் ற, அதாவது திருப்ப வேண்டுமென்றால் ற. தேடலுக்கான சாய்கோட்டில் ழ. தொலைந்ததைத் தேட ழ-வைத் தட்டுவது எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் விம்முக்குப் புரியவில்லை.

மூன்று வழி முயன்றேன்.

முதலாவது லாங்மேப். தமிழ் எழுத்து வந்தால் இந்த ஆங்கில விசை என்று எடுத்துக்கொள் என விம்மிடமே சொல்லிவைப்பது. காகிதத்தில் அழகு. நான் வைத்திருந்த ஐபஸ் எம்17என் உள்ளீட்டு முறையோ ‘க’ அடித்ததும் அடுத்து உயிர் வருகிறதா என்று பார்க்க எழுத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றது. கர்சர் எப்போதும் ஒரு படி பின்னால் வந்தது. கைவிட்டேன்.

இரண்டாவது, எழுதும் நிலையை விட்டு வெளியேறும் நிகழ்வில், இன்சர்ட்லீவ் என்று பெயர், ஐபஸை ஆங்கிலத்துக்கு மாற்றும் கமாண்டைக் கட்டிவைப்பது. விம்மின் அமைப்புகள் இருக்கும் விம்ஆர்சி ஃபைலில் ஒரே வரி. நன்றாகவே ஓடுகிறது. திரும்ப எழுதப் போகும்போது தமிழை நீங்கள்தான் போட வேண்டும். உங்களுக்கு இதைத்தான் சொல்வேன், இன்றே முடியும்.

மூன்றாவது நான் இருக்கும் இடம்: விம்முக்குள்ளேயே இருக்கும் கீமேப் வசதி. கணினியின் கீபோர்டு எப்போதும் ஆங்கிலம். எழுதும் நிலையில் மட்டும் விம் விசையைத் தமிழாக மாற்றும். எஸ்கேப் அடித்ததும் டிடி டிடியாகவே இருக்கும். எழுதும்போது இரண்டுக்கும் இடையே தாவ கன்ட்ரோல் 6. ஒரு எழுத்தைத் தேடும் எஃப், ஒரு எழுத்தை மாற்றும் ஆர், இவற்றுக்குப் பின்னால் தட்டும் எழுத்தும் தமிழாகவே வரும் என்பதுதான் இதன் அழகு. விம்மோடு வரும் தமிழ் கீமேப் திஸ்கி காலத்தது, யூனிகோடுக்கு உதவாது. நானே ஒன்று எழுதினேன். 216 உயிர்மெய்க்கும் ஒரு வரி வேண்டும், கையால் எழுத முடியுமா? பைத்தானில் இருபது வரி ஸ்கிரிப்ட் வைத்து உருவாக்கினேன். குறை ஒன்று உண்டு: ‘க’ மட்டும் அடித்து நிறுத்தினால் உயிர் வருமா என்று ஒரு நொடி யோசிக்கும். அந்த ஒரு நொடி டைம்அவுட்லென் என்ற அமைப்பு, 1000 மில்லிநொடி. குறைத்துக்கொள்ளலாம்.

#14 மொழிபெயர்ப்பாளினி

இரண்டாவது வழி வேலை செய்கிறது, நன்றி! இன்னொன்று: ‘கி’ மேல் நின்று எக்ஸ் அடித்தால் முழு எழுத்தும் போய்விடுகிறது. கொக்கியை மட்டும் எடுக்க முடியாதா? எனக்கு வரும் ஃபைல்களில் பாதிப் பிழை கி/கீ தான்.

#15 கபமத

கணினிக்கு அது க, அப்புறம் ஒரு கொக்கி என்று இரண்டு குறி. விம் துணைக்குறியைத் தாய் எழுத்தோடு ஒட்டியே பார்க்கும். டெல்கம்பைன் என்ற அமைப்பைப் போட்டுக்கொண்டால் எக்ஸ் கொக்கியை மட்டும் எடுக்கும், பேக்ஸ்பேஸும் அப்படியே. ஜி ஏ அடித்துப் பாருங்கள், கர்சருக்குக் கீழே உள்ள எழுத்து எந்தெந்தக் குறிகளால் ஆனது என்று கீழே எண்களோடு காட்டும். ‘கொ’ சில ஃபைல்களில் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக, மூன்று துண்டாக வரும். கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், தேடினால் அகப்படாது. மொழிபெயர்ப்பில் ‘இருக்கிறது, ஆனால் தேடலில் வரவில்லை’ என்ற புகார் வந்தால் முதலில் ஜி ஏ.

#16 ஈமேக்ஸ்வாசி

இப்படி ஒரு விளக்கத்துக்காகவே இந்த இழையைச் சேமித்து வைக்கிறேன். விம்மை இலவசமாகக் கொடுத்துவிட்டு ‘பிடித்திருந்தால் உகாண்டாவில் இருக்கும் குழந்தைகளுக்கு உதவுங்கள்’ என்று எழுதிவைத்த பிராம் மோலினாரையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். 1991-இல் முதலில் வெளியிட்டார், 2023 ஆகஸ்டில் இறக்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டார். கோலன், ஹெல்ப், உகாண்டா என்று தட்டினால் அந்தப் பக்கம் இன்றும் திறக்கும்.

#17 இரவுஷிப்ட்

நேற்று இரவு அதே வாடிக்கையாளர், அதே ஃபைல். ஜே ஜே அடித்தேன், வரிகள் மேலே ஏறின. வியர்த்தது. எஸ்கேப், யு, யு. கேப்ஸ் லாக் எரிந்ததால் அது பெரிய யு ஆகி வேறு எதையோ செய்தது. கேப்ஸை அணைத்துவிட்டு நிதானமாக க்யூ ஆச்சரியக்குறி போட்டு வெளியே வந்து, மறுபடி திறந்து, முதல் நான்கு வரியும் நான்காகவே இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

காலையில் வீட்டுக்கு வந்ததும் செட்டிங்ஸில் கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாக மாற்றிவிட்டேன்.

#18 பச்சைத்திரை

நல்லது. பெரிய யு என்பது அந்த ஒரு வரியில் வரிசையாகச் செய்த மாற்றத்தை எல்லாம் ஒரேயடியாகத் திருப்புவது, பெரும்பாலும் தேவைப்படாது. அந்த நூறு விசை அட்டவணையைக் கிழித்துவிட்டாயா?

#19 இரவுஷிப்ட்

இல்லை அண்ணே. பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அடுத்த மாத ஷிப்ட் பட்டியலை எழுதித் திருப்பி ஒட்டியிருக்கிறோம். எனக்கு மறுபடியும் இரவுதான்.